சிவநேசன் மாற்றிய தேதி

கர்ப்பப்பை வாயில் செல்கள் மாறியிருக்கின்றன என்று பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக் டாக்டர் சொன்னதை அமுதவள்ளி உடனே புரிந்துகொண்டாள். புற்றுநோய் இல்லை, கவனிக்காமல் விட்டால் ஆகலாம். கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். பிறகு சில நாள் லேசாக இரத்தம் படும். அவ்வளவுதான். நாற்பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

விளங்காதது அவள் கணவர் சிவநேசனுக்குத்தான். மனிதர் கோயில் கமிட்டிச் செயலாளர். மைக் கிடைத்தால் பெண்தான் தெய்வம் என்று அரைமணி நேரம் பொழிவார். வீட்டுத் தெய்வத்துக்கு உடம்பு சரியில்லை என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: இரத்தம் படுமா?

தேதி தைப்பூச வாரத்தில் விழுந்திருந்தது. பத்துமலையில் கமிட்டிப் பெண்களுக்கு முன்னால் பால்குடம் எடுத்து நடப்பவள் அமுதவள்ளி. இரத்தம் பட்டால் தீட்டு; குடத்தைத் தொட முடியாது. செயலாளர் வீட்டுக் குடம் இல்லாமல் ஊர்வலமா? அந்த வெட்கம்தான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. மனைவியின் கர்ப்பப்பை எக்கேடு கெட்டால் என்ன?

போதாக்குறைக்கு அவருடைய அக்கா வள்ளியம்மா திருநீற்றோடு வந்து இறங்கினாள். மாதவிலக்கு நிற்கிற வயதில் எல்லாருக்கும் அப்படித்தான் என்றாள், கத்தி பட்டால் நோய் பரவும் என்றாள். ஒரு பரிசோதனைக்கும் போகாமலே இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாளே என்று அமுதவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. இவர்களோடு வாதாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வானேன் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் சிவநேசன்.

குறித்த நாளில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் பெர்னடெட் கணினியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"அக்கா, உங்க ஹஸ்பண்ட் ஃபோன் பண்ணி டேட்ட மாத்திட்டாரே. நீங்கதான் சொல்லச் சொன்னீங்கன்னாரு. இனிமே மூணு மாசம் கழிச்சுதான்."

வருடக்கணக்காக அந்த ஆளுக்கு வேட்டி துவைத்துப் போட்ட தன் கைகளைப் பார்த்தாள் அமுதவள்ளி. அருவருப்பாக இருந்தது.

"நான் சொல்லல சிஸ்டர். யாராவது வரலன்னா என்னைக் கூப்பிடுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பிற்பகலில் ஒருத்தி வராமல் போனாள். டாக்டர் பார்த்தார், சதை எடுத்தார். வலித்தது, பொறுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் கூடம் நிறையக் கமிட்டி ஆட்கள். எங்கே போயிருந்தாய் என்று எல்லார் முன்னாலும் அதட்டினார் சிவநேசன்.

"ஆஸ்பத்திரிக்குத்தான். சதை எடுத்தாச்சு, ரத்தம் வருது. குடத்த நீங்க தூக்குங்க."

அந்தத் திறமைசாலி லேசில் விழுவாரா? தைப்பூசத்தன்று தானே குடத்தைத் தூக்கினார். மனைவியின் உயிருக்காக எடுக்கிறேன் என்று படி நெடுகச் சொல்லிக்கொண்டே போனார். இப்படியொரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முடிவு வந்தது. செல்கள் மோசமாகத்தான் மாறியிருந்தன. ஆனால் இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. அந்தப் பகுதியை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி எடுத்தார்கள். முழுதாக எடுத்தாயிற்று, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். எல்லாம் தம்பி எடுத்த பால்குடத்தின் மகிமை என்று வள்ளியம்மா கிள்ளான் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

அடுத்த தேதி குறிக்கும்போது அமுதவள்ளி பெர்னடெட்டிடம் கணவரின் எண்ணை எடுத்துவிடச் சொன்னாள்.

"அப்ப அவசரத்துக்கு வீட்டுல யாருக்குக்கா சொல்றது?"

"வீட்டுல யாரும் இல்ல சிஸ்டர். பக்கத்து வீட்டு நம்பர் தரேன், எழுதிக்குங்க."