சாமிக்கு வைத்த சாண்ட்விச்

ஜப்பானில் பயிற்சி முடிந்து விளாங்குடிக்குத் திரும்பியபோது, மிசோ என்கிற சோயா விழுது ஒரு டப்பா கொண்டுவந்தேன். மனைவி ஸ்யாமளா அதைத் துவையல்போல ரொட்டியில் தாராளமாகத் தடவி, சீஸ் வைத்து, தோசைக்கல்லில் நெய் விட்டுச் சுட்டாள். சாமிக்குப் படைக்குமுன் அவள் எதையும் ருசி பார்ப்பதில்லை. முதல் துண்டு பெருமாள் படத்துக்கு முன்னால் போனது. அடுத்தது எனக்கு.

ஒரே உப்பு. முழுவதையும் தின்றேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

பிறகுதான் அவள் ஒரு வாய் கடித்தாள்.

"இம்புட்டு உப்பு. ஏன் சொல்லல?"

"ஆசையாச் செஞ்சியே."

"சாமிதான் வாயத் தெறக்காது. நீங்க சொல்லுவீங்கன்னு நம்பித்தானே பரிமாறுறேன்?"

நான் இதுவரை நல்லாருக்கு என்று சொன்ன குழம்புகளை எல்லாம் அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது தெரிந்தது.