தலைப்பாகையோடு ஓர் இன்டர்வியூ

சோற்று வாளியோடு பந்தியில் குனிந்து நின்றபோதுதான் சுயம்புராஜுக்குப் போன் வந்தது. சென்னைப் பம்பு கம்பெனியின் எச்.ஆர். பெண். மேனேஜர் சாருக்கு இப்போதுதான் நேரம், சாயங்காலம் விமானம் ஏறிவிடுவார், இரண்டு நிமிடத்தில் வீடியோவில் வாருங்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்! கருங்கலுக்குப் பக்கத்தில் நிழல்தாங்கல் என்கிற வழிபாட்டுக்கூடத்தில் உச்சிப்படிப்பு என்ற மத்தியான வழிபாடு முடிந்து அன்னதர்மம் நடக்கிறது. இவனோ நெற்றியில் நாமம், தலையில் தலைப்பாகை, இடுப்பில் வேட்டி. மேலுக்குச் சட்டை கிடையாது. உள்ளே வருகிற ஆண்களுக்கு அதுதான் முறை.

முடியாது என்றால் போச்சு. மூன்று வருடமாக வேலையில்லாத மெக்கானிக்கல் இன்ஜினியரைக் கடைசிச் சுற்றுவரை கூப்பிட்டது இந்த ஒரு கம்பெனிதான். அவர்களும் ஐந்து தடவை தள்ளிப்போட்டாயிற்று. ஐந்து தடவையும் இவன் இஸ்திரிச் சட்டையோடு போன்முன் உட்கார, அம்மா செல்லத்தாய் சத்தம் வரக்கூடாதென்று கோழியைக் கூடையில் கவிழ்த்து, மிக்ஸி போடாமல் சட்னியில்லாத தோசை தின்றதுதான் மிச்சம்.

சித்தப்பா மகன் பிரபினின் சட்டையைக் கொடியிலிருந்து பிடுங்கி மாட்டிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினான். அவசரத்தில் தலைப்பாகை தலையிலேயே இருந்துவிட்டது.

"இன்னைக்கு உங்களுக்குக் கல்யாணமா?" என்றார் மேனேஜர்.

கை தானாகத் தலைக்குப் போனது. வெட்கமாக இருந்தது. அடுத்த நொடி, நான் ஏன் வெட்கப்படணும் என்று கோபமும் வந்தது. கையை இறக்கினான்.

"இல்ல சார். எங்க தாங்கல்ல இது கட்டிட்டுதான் நிப்போம். யாருக்க முன்னாலயும் தலை குனியாண்டாம்னு உள்ள வழக்கம்."

மூன்று வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அதற்கென்று மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் பதில் எங்கே போனதோ! ஊரிலுள்ள பம்புசெட்டுகளையும் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின்களையும் பழுது பார்த்த கதையைச் சொன்னான். கிணற்றுக் குழாயின் அடியிலிருக்கும் ஃபுட்வால்வுக்குள் நண்டு புகுந்து தண்ணீர் ஏறாமல் நாலு நாள் மண்டை காய்ந்ததைச் சொன்னபோது அவர் வாய்விட்டே சிரித்துவிட்டார்.

கடைசியில், எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். இதுவரை எல்லா இன்டர்வியூவிலும் 'நோ சார்' சொன்னவன்தான்.

"ஒண்ணு உண்டு சார். வேலை இல்லண்ணா இல்லண்ணு ஒரு வார்த்தை சொல்லுவியளா? இதுவரை ஒருத்தரும் சொன்னதில்ல. எனக்க அம்மை ஒவ்வொரு தடவையும் போனையே பாத்துட்டு இருக்கா."

மேனேஜர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "ஃப்ளைட் ஏறுறதுக்குள்ள நானே கூப்பிடுறேன். எதுவா இருந்தாலும்," என்றார்.

விஷயத்தைக் கேட்டதும், தாங்கலிலேயே இருந்த செல்லத்தாய் தலையில் கைவைத்தாள். வலிய வந்ததை வாயால் கெடுத்துவிட்டானே என்று புலம்பினாள். ஆனால் அரைமணி நேரத்தில் அவளே, எனக்க மவன் மேனேஜரையே கேள்வி கேட்டுட்டான் என்று தோப்புக்கார முத்துநாயகத்திடம் தொடங்கி ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்திருந்தாள்.

நாலு மணிக்குச் சோறு வைத்த பெரிய வார்ப்பைச் சாய்த்துப்போட்டு, பாதி உடம்பை உள்ளே விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். இடுப்பு மடிப்பில் போன் அதிர்ந்தது. இரண்டு கையும் சாம்பல். செல்லத்தாய்தான் ஓடிவந்து போனை உருவி, பச்சையைத் தொட்டு அவன் காதில் வைத்தாள். கூடத் தேய்த்துக்கொண்டிருந்த ஆறு பேரும் தேங்காய்நாரைக் கீழே போட்டார்கள்.

முதலில் விமான நிலையத்து அறிவிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம், "சுயம்புராஜ்?" என்று அந்தக் குரல். செல்லத்தாய் போனின் முதுகில் தன் காதை ஒட்டவைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.