காயாத தண்டுகள்

வளையம் எப்போதும் எட்டாம் நாள்தான் கெட்டது. ஏழு நாள் பார்க்க நன்றாக இருக்கும். எட்டாம் நாள் காலையில் சின்னையா அதில் செருகிய ஏதாவது ஒரு செடியைத் தொட்டால், ரோஜாப்பூபோல் தடித்த இலை அடுக்கிய அதன் தலை கையோடு வந்துவிடும். இலையில் ஒரு குறையும் தெரியாது. பாசிக்குள் செருகிய தண்டு மட்டும் கறுத்துக் கூழாகியிருக்கும்.

அவர் மலேசியாவில் கிள்ளான் ரயில் நிலையத்தில் சிக்னல் பழுதுபார்ப்பவர். விளக்கு எரியவில்லை என்றால் பல்பு, கம்பி, ரிலே என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதில் கோளாறு என்று தெரியாமல் போய்விடும். வளையத்திலும் அப்படித்தான் தேடினார். முதலில் இரும்புக் கம்பியில் இரண்டு வட்டம் செய்து, ஆர்க்கிட் கடையில் விற்கும் காய்ந்த பாசியை நனைத்துப் பிழிந்து நடுவே திணித்து, தூண்டில் நரம்பால் சுற்றினார். அழுகியது. துருவாக இருக்குமோ என்று இரண்டாவதற்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. அதுவும் அழுகியது. மூன்றாவதற்குப் பாசியைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். அதே எட்டாம் நாள்.

"என்ன அண்ணே, லோரி டயருக்குச் சட்டை தைக்கிறீங்களா?" என்று எதிர்வீட்டுப் பாலன் சிரித்தான். சுவரில் இருந்த படத்தைப் பார்த்ததும், "சாரி அண்ணே," என்று போய்விட்டான்.

படத்தில் இருந்தவள் மகள் கோமதி. பக்கத்து ஊரான மேருவில் பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தவள். தோழிகளோடு கேமரன் மலைக்குப் போனபோது இந்தச் செடியில் ஒன்பது தொட்டி வாங்கிவந்தாள். போன வருஷம் பேக்டரி பஸ் கவிழ்ந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் செடியிலேயே வாடாத மாலை ஒன்று செய்து, திவசத்தன்று படத்தைச் சுற்றி மாட்ட வேண்டும் என்றாள் சின்னையாவின் மனைவி இராஜம்மா. மூன்று வளையத்துக்கு எட்டுத் தொட்டி போனது. வெட்டிய அடிக்கட்டைகளும் துளிர்க்கவில்லை. திவசத்துக்கு இன்னும் இருபது நாள். மிச்சம் ஒரு தொட்டி, அதில் பதினாறு தலை.

"இதையும் வெட்டணுமா, ராஜி?"

"வெட்டாம? வருஷம் வருதுல்ல."

"இதுவும் போச்சுன்னா பிள்ளை கையால வெச்சதுன்னு ஒண்ணும் இருக்காது."

"எனக்குத் தெரியாதா? பொழுதுக்கும் தண்ணி தெளிச்சுத்தானே வெச்சிருக்கேன்!"

அன்று வேலையில் குறடு தேடியபோது, கருவிப் பெட்டியின் அடியில் ஒரு செடித்தலை கிடந்தது. மூன்றாவது வளையத்துக்கு விடியலில் வெட்டியபோதே தவறி விழுந்தது. மூன்று வாரம் இருட்டில், சொட்டுத் தண்ணீர் இல்லாமல். சருகாகியிருக்க வேண்டும். இலை கொஞ்சம் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். வெட்டுவாயில் வெளிறிய தோல் மூடியிருந்தது. அதிலிருந்து மயிரிழைபோல இரண்டு வேர்.

அதே செடி, அதே கத்தி, அதே நாள். தண்ணீர் மட்டும்தான் வித்தியாசம்.

இராஜம்மா இருபது வருஷமாகக் கோயில் வாசலில் பூக்கட்டுகிறவள். விடியலில் தலைகளை வெட்டி, மல்லிகையைப்போலவே ஈரத்துணியில் சுற்றிப் பூக்கூடையில் வைத்து, மாலையில் அவர் வேலை முடிந்து வரும்வரை தெளித்துக்கொண்டே இருப்பாள். வந்ததும் அவர் செருகுவார். அந்த ஒன்றை மட்டும் அவர் மாற்றிப் பார்க்கவில்லை. மனைவியின் கையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அதை மேசையில் வைத்தார். "மல்லிக்கு வேர் விடற வேலை இல்ல, ராஜி. சாயங்காலம் வரைக்கும் வாடாம இருந்தா போதும். இது தண்ணியை இலையிலயே வெச்சிருக்கு. வெட்டின இடம் இதுக்குப் புண்ணு. ஆறறதுக்குள்ள ஈரம் பட்டா..."

"அப்ப நான்தான் கொன்னேனா?"

அவர் அந்தச் செடியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில பிள்ளை தண்ணி கேட்டுச்சுங்க," என்றாள் அவள், வேரையே பார்த்துக்கொண்டு. "ஆப்பரேஷன் இருக்கு, குடுக்காதீங்கன்னாங்க. நானும் குடுக்கல. இதுக்காச்சும்னு..."

மறுநாள் அவளே பதினாறையும் வெட்டினாள். செய்தித்தாளில் பரப்பி அலமாரிமேல் வைத்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஏழாம் நாள் முனைகள் காய்ந்து கெட்டியாக இருந்தன. புது வளையத்தின் பாசியில் செருகி, கொண்டை ஊசியால் பிடிக்கவைத்தார்கள். செருகிய எட்டாம் நாள், தொடவேண்டாம் என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திவசத்தன்று வளையத்தை மாட்ட முடியவில்லை. வேர் இறுகும் முன் நிமிர்த்தினால் செடி நழுவும். படத்துக்கு மல்லிகை போட்டு, வளையத்தைக் கீழே மேசையில் கிடத்தினார்கள். படையல் முடிந்தபின் இராஜம்மா ஒரு தலையை இரண்டு விரலால் மெல்ல இழுத்தாள். அது வரவில்லை. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் வரவில்லை.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: வெட்டிய தண்டை ஈரம் படாமல் நிழலில் ஆறு நாள் காயவிட வேண்டும். தோல் மூடியபின் செருகி, வேர் இறுகும்வரை தட்டையாகக் கிடத்த வேண்டும். தெளிக்கக் கூடாது. அதன்பிறகு பாசி உலரும்போது மட்டும் வளையத்தைக் கால் மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி, முழுக்க வடியவிட்டு மாட்டலாம்.