லின்சியின் பியானோ

தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் இடம் பல வருடங்களாகப் பெலிண்டாவுடையதாக இருந்தது. லின்சி திருவெறும்பூர் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்து ஒரு ஞாயிறு வாசித்துக் காட்டியதும், பங்குத்தந்தை அவளை அங்கே உட்கார வைத்துவிட்டார். அன்றிலிருந்து பெலிண்டா பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்றாள். லின்சி எங்காவது தப்பு செய்யமாட்டாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். தப்பு வராது.

லின்சியின் கணவருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்தது. பியானோவைக் கொண்டுபோக முடியாது, ஒரு லட்சத்துக்கு விற்கிறாள் என்று கேள்விப்பட்டதும் பெலிண்டா முதல் ஆளாகப் போனாள். அது இரண்டு லட்சம் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

மூடியைத் திறந்து நாலு கட்டைகளை அழுத்தினாள். நாதம் அறை முழுக்க நிறைந்தது. வயிறு எரிந்தது.

"சத்தம் அடைச்சாப்ல இருக்கே. மரமும் அரிச்சிருக்கும். முப்பதாயிரம் தரேன். இந்த ஓட்டைப் பெட்டிக்கு அதுவே ஜாஸ்தி."

லின்சியின் முகம் சுருங்கியது. அதைப் பார்க்கவே வந்ததுபோல் பெலிண்டாவுக்கு உள்ளே குளிர்ந்தது.

"உங்களுக்குக் குடுக்கணும்னுதான்க்கா விலையைக் குறைச்சே சொன்னேன். ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒருத்தங்க கேக்கறாங்க. நீங்க சரின்னா அவங்ககிட்ட இல்லேன்னுடறேன். சொல்லுங்க."

பணம் வங்கியில் இருந்தது. ஆனால் கேட்ட விலையைக் கொடுத்தால் லின்சி உசத்தி என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுமே.

"முப்பதுதான். யோசிச்சு போன் பண்ணு."

வீட்டைக் காலி பண்ணும் அவசரத்தில் இறங்கி வருவாள் என்று நினைத்தாள். போன் வரவில்லை. சனிக்கிழமை பொறுக்காமல் போய்ப் பார்த்தபோது வாசலில் டாடா ஏஸ் நின்றது. உள்ளே, கோதை என்ற அந்த ஸ்ரீரங்கத்துப் பெண் பியானோ வாசித்துக்கொண்டிருந்தாள். லின்சி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருவரில் யார்மேல் தனக்கு அதிகப் பொறாமை என்று பெலிண்டாவுக்கே புரியவில்லை.

"ஒன்றரை லட்சம் தரேன் லின்சி. இப்பவே அனுப்பறேன்."

கோதை வாசிப்பதை நிறுத்தினாள். "நான் முழுசும் கொடுத்தாச்சே," என்றாள்.

"அன்னிக்கு ஓட்டைப் பெட்டின்னீங்களே அக்கா," என்றாள் லின்சி மெதுவாக. "இவங்க வாசிச்சுப் பாத்துட்டு, ‘இவ்ளோ கம்மியா சொல்றேளே’ன்னு அவங்களாவே கூட்டிக் குடுத்தாங்க."

குரலில் கோபமே இல்லை. அதுதான் பெலிண்டாவைச் சுட்டது.

ஆட்கள் பியானோவைத் தூக்கினார்கள். அதன் ஒரு மூலை கதவு நிலையில் இடிக்கப் போனது.

"பாத்து, பாத்து! மெதுவா!"

முதலில் கத்தியது பெலிண்டாதான். வண்டி தஞ்சாவூர் ரோட்டில் ஏறி மறையும்வரை அவள் அங்கேயே நின்றாள்.