பொட்டு வைத்த பக்கம்

பாலகணேஷ் வந்தபோது ஸ்வர்ணலதா தன் ஆய்வேட்டின் நான்கு பிரதிகளைக் கட்டில்மேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் நான்காம் இயல் தொடங்கும் இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை வைவா, வாய்மொழித் தேர்வு. ஏழு வருடம் இழுத்த முனைவர் பட்டம் அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மந்தைவெளிக்கு வண்டி ஓட்டி வந்தவன் வாசலிலேயே நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் கணவன் ஆனந்தகுமாரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவன், அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறான். உள்ளே வந்ததும் அவன் கண் வாஷிங் மெஷின்மேல் அடுக்கியிருந்த பழுப்பு உறைகளுக்குப் போனது. மாதா மாதம் ஆனந்தகுமார் பெயருக்கு வரும் காமிக்ஸ் சந்தா. பதினோரு உறை இருந்தது. அவள் ஒன்றையும் பிரிக்கவில்லை, நிறுத்தச் சொல்லி எழுதவும் இல்லை.

பதினோரு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, சைதாப்பேட்டை ரயில் நிலையத்தில் படியேறும்போது ஆனந்தகுமார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. செய்ய வேண்டியதையெல்லாம் ஸ்வர்ணலதா செய்தாள். சான்றிதழ் வாங்கினாள், வங்கிக்கு அலைந்தாள், பதினேழாம் நாள் அடையாறு கல்லூரிக்குப் போய், வெகுஜனப் பண்பாடு வகுப்பில் பேச்சுக் குமிழிகளைப் பற்றிப் பாடம் நடத்தினாள். அழ மட்டும் இல்லை. மனதில் இருப்பதைக் கொட்டிவிடு என்று நாத்தனார் முதுகைத் தடவினாள். கொட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று ஸ்வர்ணலதாவும் நேர்மையாகத்தான் தேடிப் பார்த்தாள். நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுவதுபோல் இருக்கும். ஊர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றது. ஊருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போகும்.

பாலகணேஷுக்குப் பைண்டிங் கடை. அவனும் ஆனந்தகுமாரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் மாதத்தில் ஒரு ஞாயிறு பனகல் பூங்காவில் கூடிப் பழைய காமிக்ஸ்களை மாற்றிக்கொள்வார்கள். தலை நரைத்த ஆண்கள் புல்தரையில் உட்கார்ந்து துப்பாக்கிக் கதைகளுக்குச் சண்டை போடுவதைப் பார்த்து ஸ்வர்ணலதா சிரித்திருக்கிறாள். காமிக்ஸை ஆராய்கிற தன்னையும் அவர்களையும் ஒரே கணக்கில் அவள் சேர்த்ததில்லை. தான் செய்வது ஆய்வு, அவர்கள் செய்வது விளையாட்டு.

அவன் செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒரு புத்தகத்தை நீட்டினான். "வைவாக்கு இன்னா குடுக்கறதுன்னு தெர்ல அண்ணி. உங்க புக்கே இன்னொண்ணு மாட்டிச்சு. அட்டையோட கீது."

'மஞ்சள் குடை மர்மம்'. நாற்பது வருடத்துக்கு முன் வெளிநாட்டுப் படக்கதை ஒன்றைத் தமிழில் பெயர்த்துச் சாணித் தாளில் போட்ட புத்தகம். ஸ்வர்ணலதாவின் நான்காம் இயல் முழுக்க இதன் கடைசிப் பக்கத்தைப் பற்றியதுதான். அந்தப் பக்கத்தில் துப்பறிவாளர் ஹார்வின் கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். தொப்பியை ஆணியில் மாட்டுகிறார், அடுப்பில் பால் வைக்கிறார், இரண்டு டம்ளரில் காபி ஆற்றுகிறார். வசனமே இல்லை. வெள்ளைக்காரத் துப்பறிவாளரைத் தமிழ்ச் சமையலறைக்குள் கொண்டுவந்து நிறுத்திய பெயர் தெரியாத உள்ளூர் ஓவியரைக் கண்டுபிடித்ததுதான் அவள் ஆய்வின் பெருமை. இயலுக்குத் தலைப்பே 'இரண்டாவது டம்ளர்'. யாரும் இல்லாத வீட்டில் அந்த இரண்டாவது டம்ளர் வாசகருக்காக வைக்கப்பட்டது என்று நாற்பத்தெட்டுப் பக்கம் வாதாடியிருந்தாள்.

பாலகணேஷ் கொடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். சமையலறை இல்லை. ஹார்வின் மழையில் ஒரு பாலத்தின்மேல் நடந்து போகிறார், முதுகுதான் தெரிகிறது. முற்றும். கீழே பாதிப் பக்கத்துக்குக் கூந்தல் தைல விளம்பரம்.

அவள் எழுந்து பீரோவிலிருந்த தன் பிரதியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். பாலகணேஷ் படத்தைப் பார்க்கவில்லை. நேரே கீழ் இடது மூலையைப் பார்த்தான். அங்கே கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்று இருந்தது. அதையும் அவள் விட்டுவைக்கவில்லை. முப்பத்தோராம் அடிக்குறிப்பு: அச்சில் சிந்திய மையாக இருக்கலாம்.

"இது பொட்டு வெச்ச பக்கம் அண்ணி," என்றான்.

அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான். பக்கம் கிழிந்துபோன புத்தகம் கிடைத்தால் அவர்கள் அதை அப்படியே விடமாட்டார்கள். நல்ல பிரதி எங்காவது இருந்தால் பார்த்து வரைவார்கள், இல்லாவிட்டால் முன்கதையை வைத்துத் தாங்களாகவே வரைந்து, பழைய தாளில் அச்சடித்துச் சேர்த்துவிடுவார்கள். ஆனால் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாக வேண்டும். பின்னால் வாங்குகிறவன் ஏமாந்துவிடக் கூடாது. பொட்டு வைக்காதவனைப் பூங்காவில் சேர்க்கமாட்டார்கள்.

"அண்ணன் போட்ட கோடு இது. உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

ஸ்வர்ணலதா அவனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். 

ஆறு வருடத்துக்கு முன் ஆய்வுக் குழுவில் ஒருவர் கேட்டார்: இதெல்லாம் வெறும் மொழிபெயர்ப்பு, ஒரு கோடுகூட நம்முடையது இல்லை, இதில் ஆராய என்ன இருக்கிறது? அவள் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தாள். மூன்று நாள். ஆனந்தகுமார் தி.நகர் அச்சகம் ஒன்றில் வடிவமைப்பாளன். ஜவுளிக்கடை நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் போடுகிறவன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் இந்தப் புத்தகத்தைத் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். வேண்டாவெறுப்பாகப் புரட்டியவள் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். நம் கோடு, நம் கோடு என்று கத்தினாள். காபி கேட்டாள். காபியோடு வந்தவன், லதா, அந்தக் கடைசிப் பக்கம் இருக்கே, என்று ஆரம்பித்தான். பேசாதே, எழுத விடு என்று அவள் கையைக் காட்டிவிட்டாள். அவன் வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றது அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவன் சொல்லவில்லை. பொட்டை வைத்தாயிற்று, என்றைக்காவது பார்த்துக் கேட்பாள் என்று இருந்திருப்பான். அவளோ அதற்கு அடிக்குறிப்பு எழுதிவிட்டாள். படித்தவள் லட்சணம்.

திங்கட்கிழமை நெறியாளரைப் பார்க்க மயிலாப்பூர் போனாள். பேராசிரியர் விஜயலக்ஷ்மி இந்தத் தலைப்புக்காக ஆண்டுக்கணக்கில் எல்லோரிடமும் மல்லுக்கு நின்றவர், மே மாதம் ஓய்வு பெறுகிறார். நடந்ததைக் கேட்டு, இரண்டு பிரதிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நான்காம் இயலை எடுத்துவிட்டால் ஏடு நிற்காது. திருப்பி எழுத வேண்டும், புது நெறியாளர் தேட வேண்டும், இரண்டு வருடம் ஓடிவிடும். ஜூனில் கல்லூரியில் நிரந்தர இடம் ஒன்று வருகிறது, பட்டம் இல்லாவிட்டால் அது கைநழுவிப் போகும். இதெல்லாம் ஸ்வர்ணலதாவுக்கும் தெரியும்.

"இந்தப் புஸ்தகம் உன் கைக்கு வரவே இல்லைன்னு வெச்சுண்டுடு," என்றார் விஜயலக்ஷ்மி. கொஞ்சம் பொறுத்து, "அவர் உனக்காகப் பண்ணினதை நீயே போட்டு உடைப்பியா?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. சரி மேடம் என்றுதான் ஸ்வர்ணலதா சொல்லிவிட்டு வந்தாள். சொன்னதும் ஒன்றும் தோன்றவில்லை, பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை. அவனே இல்லாதபோது உண்மையையும் பொய்யையும் யாரிடம் ஒப்படைப்பது? அடுத்த இரண்டு நாளும் வகுப்பு எடுத்தாள், சோறு வடித்தாள், அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை கருத்தரங்க அறையில் அறுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் அவள் மாணவிகள். சமோசா வந்துவிட்டது, வாசனை கடைசி வரிசையிலிருந்து வந்தது. அங்கேதான் பாலகணேஷ் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு புத்தகமும் அவள் பையில் இருந்தன. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் முதல் இயல்களில் இரண்டு குறை சொன்னார், நான்காம் இயலுக்கு வந்ததும் முகம் மலர்ந்தார். தான் இருபது வருடத்தில் படித்த ஆய்வேடுகளில் இப்படி ஓர் இயல் பார்த்ததில்லை என்றார். மாணவிகள் கைதட்டினார்கள். அவர் சொன்னபடி அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டார்கள்.

அவ்வளவு பெரிதாக அவள் அதைப் பார்த்ததில்லை. கேஸ் லைட்டர் சன்னலுக்கு இடப்பக்கம் ஆணியில் தொங்கியது. மந்தைவெளி வீட்டிலும் அங்கேதான் தொங்குகிறது. அஞ்சறைப் பெட்டிமேல் கவிழ்த்த கிண்ணம், குழாயில் கட்டிய துணி. முந்நூறு முறை பார்த்த பக்கத்தில் தன் சமையலறை இருந்திருக்கிறது. இரண்டு டம்ளர்களில் ஒன்றின் விளிம்பு சற்று உள்வாங்கியிருந்தது. பேனா வழுக்கியது என்று நினைத்திருந்தாள். அது அவளுடைய டம்ளர், கல்யாணமான புதிதில் கோபத்தில் அவளே தூக்கி எறிந்தது. வேறு டம்ளரில் குடிக்கமாட்டாள். மூன்று நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளுக்கு அவன் காபி ஆற்றியிருக்கிறான்.

"வரைஞ்சது நம்ம ஊர் ஆளுதான்னு நல்லாவே நிறுவியிருக்கீய," என்றார் புறத்தேர்வாளர். "ஆளு யாருன்னு ஏதும் தடயம் கெடைச்சுதாம்மா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். முன்வரிசையில் விஜயலக்ஷ்மி குனிந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.  ஸ்வர்ணலதா மேசைமேலிருந்த லேசர் பேனாவை எடுத்தாள்.

"ஆள் தெரியும் சார்," என்றாள்.

கீழ் இடது மூலையைத் தேடிச் சிவப்பு வெளிச்சத்தை அந்தப் பொட்டின்மேல் கொண்டுபோய் வைத்தாள். அவன் வைத்ததும் அவள் வைத்ததும் ஒரே பொட்டாக நின்றன. பிறகு திரையில் ஒன்று அசையாமல் இருக்க, இன்னொன்று அதைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது.