இரண்டு விரற்கடை

கணவர் இறந்துபோனதிலிருந்து அந்தப் பழைய காரை அவள்தான் ஓட்டினாள். தினமும் காலையில் எட்டு வயது மகளைப் பின்னால் உட்கார வைத்து, கல்குவாரி வளைவைத் தாண்டிப் பள்ளியில் விடுவாள். வளைவில் ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் ஒன்றுமில்லை, வெறும் பள்ளம்.

ஒரு வாரமாகக் குழியில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக்' என்றது.  வளைவு நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனாள். சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனாள்.

அவர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆட்டச் சொன்னார். ஆட்டினாள்.  ஊர்ந்து வெளியே வந்தபோது வழக்கமான கிண்டல் முகத்தில் இல்லை.

"தங்கச்சி, சக்கரம் திரும்புறதுக்கு முன்னாடி ஸ்டியரிங் எவ்வளவு சும்மா சுத்துது?"

"ரெண்டு விரக்கடை இருக்கும். எல்லா வண்டியும் அப்படித்தானே?"

அவள் வேறு கார் ஓட்டியதே இல்லை. கணவர் இதில்தான் சொல்லிக்கொடுத்தார். கொஞ்சம் கூடவே திருப்பு, அப்போதுதான் சொன்ன பேச்சைக் கேட்கும், அதுவும் என்னைப் போலத்தான் என்பார்.

மெக்கானிக் அவளைக் குனியச் சொல்லிக் காட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பியைச் சக்கரத்தோடு பிணைக்கும் டை ராடு எண்ட். உள்ளே இருந்த குண்டு தேய்ந்து, கையால் தொட்டாலே கிண்ணத்துக்குள் குலுங்கியது.

"இன்னொரு பெரிய குழி போதும், கழண்டுடும். ஸ்டியரிங் உங்க கையில இருக்கும், சக்கரம் அது இஷ்டத்துக்குப் போகும்."

வளைவின் மறு பக்கம் அவள் கண்முன் வந்து நின்றது. மகள் மூலையில் கிடந்த டயர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். 

கணவருக்கு இது தெரிந்திருக்குமா என்று அவள் கேட்டாள். தெரிந்திருக்காது என்றார் மெக்கானிக். கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேயத் தேயக் கையும் பழகிவிடும்.

ஆணியை உருவி, நட்டைத் தளர்த்தி, பக்கவாட்டில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். பழையதைச் சுற்றிச் சுற்றிக் கழற்ற, மகள் எண்ணினாள்: பதினெட்டு. புதியதையும் அதே பதினெட்டுச் சுற்று ஏற்றினார். மாறினால் சக்கரம் கோணிக்கொள்ளுமாம். மறு சக்கரத்துக்கும் அப்படியே.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மகள் தாவிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். முதல் திருப்பத்தில் அவள் எப்போதும்போலத் திருப்பினாள். கார் சுவரைப் பார்த்துப் பாய்ந்தது. பிரேக்கை மிதித்தாள். சுவருக்கும் காருக்கும் ஒரு சாண் இருந்தது. மகளுக்கு ஒன்றுமில்லை. 

மெக்கானிக் ஓடிவந்து சக்கரத்தைப் பார்த்தார். நிமிர்ந்து அவள் கைகளைப் பார்த்தார்.

"வண்டி இப்ப சொன்ன உடனே கேக்குது, தங்கச்சி. நீங்கதான் கூடத் திருப்புறீங்க."

திங்கட்கிழமை மறுபடி அந்த வளைவைக் கடக்க வேண்டும். அதில் இந்தக் கையோடு திரும்பினால் என்னவாகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மகளை இறக்கிப் பட்டறையின் பின்வாசலில் உட்கார வைத்துவிட்டு, பின்னால் இருந்த காலி மைதானத்துக்குக் காரைக் கொண்டுபோனாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று; மகள் எண்ணிக்கொண்டிருந்தாள். கை அந்த இரண்டு விரற்கடையைத் தேடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் கணவரின் குரலும் கேட்டது.

மகள் முப்பத்தொன்று என்று கத்தியபோது, அந்தச் சுற்றில் கை ஒரு முறைகூடத் தப்பவில்லை என்று தெரிந்தது. காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முப்பத்திரண்டாவது சுற்றுக்குக் கிளம்பினாள்.