கலிந்தோ மன்னருக்குச் சமாதானம்

வால்சேர்கா ஊரில் கலிந்தோ மன்னருக்காக நவம்பர் ஒன்பதாம் தேதி ஒப்புக்கொடுக்கப்படும் ஆன்ம இளைப்பாற்றிப் பூசைக்கு, எழுநூறு வருடமாக மன்னரும் வந்துகொண்டிருந்தார். பீடத்துக்கு முன்னால் கறுப்புத் துணி போர்த்திய வெறும் சவப்பெட்டி அவருக்காகவே இருக்கும். அவர் அந்தப் பக்கம் போவதில்லை. மூன்றாவது பெஞ்சில் லாசியெர்ரா குடும்பத்துக்குப் பக்கத்தில் உட்காருவார். பஞ்சகாலத்தில் தானியத்தை ஒளித்தார்கள் என்று அவர் தூக்கிலிட்ட பதினெட்டுப் பேரில் முதல் ஆள் அந்த வீட்டுக்காரர். மன்னர் சாகும்போது மனம் உறுத்தி, இந்தப் பூசைக்கு நிலம் எழுதிவைத்தார். லாசியெர்ராக்கள் பெஞ்சை விடவும் இல்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நல்லவேளையாக, இறந்தோர் பூசையில் பக்கத்து ஆளுக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் வழக்கம் அப்போது கிடையாது.

1970இல் சடங்கு மாறியது. புதிதாக வந்த பங்குச் சாமியார் இலாரியோ, அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஒரோசியாவைத் தேடிப் போனார். அறுபது வயது, ஆட்டுப்பாலில் பாற்கட்டி செய்து விற்பவள், யாருக்கும் பயப்படாதவள்.

“இனிமே இந்தப் பூசையிலயும் சமாதானம் குடுக்கணும்மா.”

“யாருக்கு சாமி?”

“பக்கத்துல யாரோ அவங்களுக்கு.”

“யாருன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரியும். வேணும்னா வேற பெஞ்சுல உக்காருங்க.”

“அவன் மாறட்டும். அது எங்க பெஞ்சு.”

அந்த ஆள் பக்கம் தலையைத் திருப்பமாட்டேன் என்று சாகக் கிடந்த அப்பாவுக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். சாமியாருக்கு அது தெரியாது, ஊருக்குத் தெரியும்.

பூசையில் சாமியார் சமாதானம் பகிரச் சொன்னபோது எல்லோரும் மூன்றாவது பெஞ்சைத்தான் பார்த்தோம். மன்னர் கை நீட்டவில்லை, குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரோசியா பீடத்தையே பார்த்தாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமலேயே, அவர் மடியில் கிடந்த கையைத் துழாவி எடுத்தாள்.

“சமாதானம், ராசா. கையெல்லாம் இப்படிச் சில்லிட்டுக் கெடக்கே,” என்றாள். நற்கருணை வாங்கப் போகும்வரை அந்தக் கையை விடவில்லை. அவளைப்போல் பெரிய மனசுக்காரியை எங்கள் ஊர் பார்த்ததில்லை.

மறுவருடம் மூன்றாவது பெஞ்சில் மன்னர் இல்லை. ஈடேறிவிட்டார் என்று சாமியார் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், நான்காவது பெஞ்சில், ரொட்டி சுடும் பிளாஸ் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். தூக்கில் ஏறிய இரண்டாவது ஆள் பிளாஸின் முன்னோர். பிளாஸ் கை கொடுக்க ஏழு வருடம் ஆயிற்று, யாரும் அவசரப்படுத்தவில்லை. இதுவரை பதினொரு வீடுகள் முடிந்திருக்கின்றன. இந்த நவம்பரில் எங்கள் பெஞ்சுக்கு வருகிறார். நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறோம்.